‘செட்’: 430 அர்த்தமா, நாலைந்து சொல்லா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், உலகத்திலேயே அதிக அர்த்தமுள்ள சொல் என்று பெட்டி கட்டி ஒரு துணுக்கு போட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் ‘செட்’ என்ற சின்னஞ்சிறு சொல்லுக்கு 430 அர்த்தம் இருக்கிறதாம், ஆக்ஸ்போர்டு அகராதியே சொல்கிறதாம், தமிழில் இப்படி ஒன்றைக் காட்ட முடியுமா என்று கடைசியில் ஒரு சவால் வேறு. மற்ற ஊர்க்காரர்கள் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். சேலத்துக்காரனால் அது முடியாது, ஏனென்றால் இந்தச் சொல்லைத் தினம் சாயந்திரம் தட்டில் வைத்துத் தின்கிறவர்கள் நாங்கள். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். இடம் இல்லையென்றால் முன்பாதியை வெட்டுங்கள், எங்கள் ஊர் விஷயம் பின்பாதியில்தான் வருகிறது.

முதலில் அந்தக் கணக்கு. 430 என்பது 1989இல் வந்த இரண்டாம் பதிப்பின் கணக்கு. செட் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் அதில் சுமார் 60,000 சொற்களில் விளக்கம் எழுதியிருந்தார்கள். அப்போது அதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை. ஆனால் அதே அகராதிக்காரர்கள் மூன்றாம் பதிப்புக்காகப் பழைய பதிவுகளைத் திருத்தி எழுத ஆரம்பித்தபோது 2000இல் ‘மேக்’ முந்தியது, 2007இல் ‘புட்’ முந்தியது, 2011இல் ‘ரன்’ இவை எல்லாவற்றையும் தாண்டி 645க்குப் போய்விட்டது. அந்த ரன் ஒன்றைப் பிரித்து மேய்ந்து முடிக்கவே பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ஆக நீங்கள் போட்டது பழைய சாதனை. வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதை எடுத்துப் போடுவதில் தப்பில்லை, வருஷத்தையாவது ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடலாம்.

அப்புறம் இந்த 430 என்ற எண்ணைப் பார்த்து யாரும் மலைக்கவும் வேண்டாம். ஆங்கில வினைச்சொல்லுக்குப் பின்னால் அப், ஆஃப், அவுட், இன் என்று ஒரு வால் ஒட்டும், அந்த வாலோடு வருகிறதெல்லாமும் அந்தக் கணக்கில் உண்டு. செட் அப் என்றால் நிறுவுவது. செட் ஆஃப் என்றால் ஊருக்குக் கிளம்புவது, பட்டாசு கொளுத்துவதும் அதுதான். செட் இன் என்றால் மழையோ குளிரோ வந்து பிடித்துக்கொள்வது. இந்த ரீதியில் எண்ணினால் நம் ‘போடு’ மட்டும் லேசுப்பட்டதா? சட்டை போடுகிறோம், தாழ்ப்பாள் போடுகிறோம், டீ போடுகிறோம், கையெழுத்து போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், ஊசி போடுகிறோம், பந்தல் போடுகிறோம், ரோடு போடுகிறோம், போட்ட ரோட்டில் நின்று சண்டையும் போடுகிறோம், பூனை குட்டி போடுகிறது, பையன் கணக்குப் போடுகிறான், அதே பையன் பரீட்சைக்கு முதல் நாள் ஒரு தூக்கமும் போடுகிறான். காலையில் ‘பேப்பர் போடுறான்’ என்றால் வேலைக்குப் போகிறான் என்று அர்த்தம், ஐடி கம்பெனியில் ‘பேப்பர் போட்டுட்டான்’ என்றால் வேலையை விட்டுவிட்டான் என்று அர்த்தம். நம் அகராதிக்காரர்கள் இவற்றை எண்ணி ஒரு நம்பரை அறிவித்து விளம்பரம் செய்ததில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணிக்கை என்பது சொல்லின் பெருமையைவிட எண்ணுகிறவரின் பொறுமையைத்தான் அதிகம் காட்டுகிறது.

சரி, எண்ணிக்கையை விடுங்கள். துணுக்கில் இருந்த பெரிய பிழை வேறு. செட் என்பது ஒரே சொல் என்று எழுதியிருந்தீர்கள். அது ஒரே சொல் இல்லை. வேறு வேறு ஊரிலிருந்து வேறு வேறு காலத்தில் வந்து இறங்கிய சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டில் மாட்டிக்கொண்டன, அதுதான் நடந்தது. நான் சொல்ல வந்ததே இந்த ஒன்றைத்தான்.

பழைய ஆங்கிலத்தில் ‘சிட்டன்’ என்றால் உட்கார்வது, ‘செட்டன்’ என்றால் உட்காரவைப்பது. கேரளத்துச் சேட்டனுக்கும் இந்தச் செட்டனுக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. இன்றைய சிட், செட் இரண்டும் அவைதான். இது தமிழ் படித்தவனுக்குப் புதிதே அல்ல, பள்ளிக்கூடத்தில் தன்வினை பிறவினை என்று படித்தோமே, அதேதான். அமர், அமர்த்து. ஓடு, ஓட்டு. திரும்பு, திருப்பு. நம் மொழியில் இந்த வசதி இன்றும் உயிரோடு இருக்கிறது, ஆங்கிலத்தில் அது எப்போதோ பட்டுப்போய், சில ஜோடிகள் மட்டும் மிச்சம் நிற்கின்றன. ஃபால் என்றால் விழுவது, ஃபெல் என்றால் மரத்தை வெட்டி வீழ்த்துவது. ரைஸ் என்றால் எழுவது, ரெய்ஸ் என்றால் எழுப்புவது. லை, லே என்ற ஜோடியும் இதே கதைதான், அதில் எது எங்கே வரும் என்று வெள்ளைக்காரர்களே தடுமாறுகிறார்கள்.

ஆக முதல் செட்டின் அடிப்படை, ஒன்றை ஓரிடத்தில் இருத்துவது. மோதிரத்தில் கல்லை இருத்துவது, முறிந்த எலும்பைச் சரியான இடத்தில் சேர்த்து இருத்துவது, அலாரத்துக்கு நேரம் வைப்பது, கல்யாணத்துக்குத் தேதி குறிப்பது, கேள்வித்தாள் தயாரிப்பது, சிமெண்டு இறுகுவது, சூரியன் மேற்கே இறங்குவது, எல்லாம் இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை. இந்த வேர் இங்கிலாந்தோடு நிற்கவில்லை. லத்தீனில் உட்கார்வதற்கு ‘செதேரே’. கோர்ட்டு உட்காரும் காலத்துக்கு செஷன் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. வரி போட நீதிபதி பக்கத்தில் உட்கார்ந்து மதிப்புப் போட்டவரின் வேலைதான் அசெஸ்மெண்ட், வீட்டு வரி ரசீதில் ஒரு அசெஸ்மெண்ட் நம்பர் இருக்கிறதே, அதுவும் உட்கார்ந்த சொல்தான். சமஸ்கிருதத்தில் இதே வேர் ‘சத்’ என்று இருக்கிறது. குருவின் அருகே உட்காருவது உபநிஷத். அறிஞர்கள் கூடி உட்காருவது சதஸ். கலங்கிய தண்ணீரில் மண் அடியில் உட்கார்ந்து மேலே தெளிவதைப் போல மனம் தெளிந்து அருள்வது பிரசாதம். கோயிலில் கை நீட்டி வாங்குகிற பிரசாதமும் தளம் போட்ட அன்று மேஸ்திரி சொல்கிற ‘செட் ஆகட்டும்’ என்பதும் தூரத்துப் பங்காளிகள் என்று சொன்னால் மேஸ்திரி நம்ப மாட்டார், ஆனால் உண்மை அதுதான்.

இதைப் படித்ததும், செட் என்பதே ‘சேர்த்து’ என்ற தமிழ்ச்சொல்லின் திரிபு என்று ஒருவர் நாளைக்கே உங்களுக்குக் கடிதம் எழுதக்கூடும். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். ஒலி ஒத்துப்போனால் உறவு என்று கொண்டாடினால் முடிவே இருக்காது.

இனி இரண்டாவது செட். டீ செட், சோபா செட் என்கிறோமே, ஒரே இனத்துப் பொருள்கள் சேர்ந்த தொகுதி, அது. இது உட்காருகிற குடும்பமே இல்லை. லத்தீனில் ‘செக்தா’ என்றால் ஒருவர் பின்னால் போகிறவர்கள், அதன் வேருக்குப் பின்தொடர்வது என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ஒரு மதத்தையோ ஒரு குருவையோ பின்பற்றுகிற கூட்டம் என்றுதான் பொருள், இன்றைய ‘செக்ட்’ அதன் உடன்பிறப்பு. கூட்டம் என்ற பொருள் மெல்ல ஆட்களிலிருந்து பொருள்களுக்குத் தாவி, பீங்கான் கோப்பை வரைக்கும் வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் கணம், உட்கணம், வெற்றுக்கணம் என்று பிள்ளைகள் படிக்கிற கணிதத்துக்கு ஆங்கிலப் பெயரும் இந்தச் செட்தான். ஒலியும் எழுத்தும் ஒன்றாகிவிட்டதால் போகப்போக இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, ஒன்றின் பொருள் இன்னொன்றில் ஏறி, எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று கோடு போடுவதே கஷ்டமாகிவிட்டது. 1928இல் முடிந்த முதல் பதிப்பில் இந்தத் தலைவலி ஹென்றி பிராட்லி என்ற அகராதி ஆசிரியருக்கு வாய்த்தது. ஆக்ஸ்போர்டு அகராதி என்றால் எல்லோரும் ஜேம்ஸ் மர்ரே பெயரைத்தான் சொல்வார்கள், ஆனால் எஸ் எழுத்தின் முன்பகுதி பிராட்லி பொறுப்பில் இருந்தது.

பின்தொடர்கிற அந்தக் குடும்பத்துக்கு இன்னும் சில பிள்ளைகள் உண்டு. கோட்டு சூட்டு என்கிறோமே அந்த சூட், ஓட்டலில் பெரிய அறைக்குச் சொல்கிற சூட், கோர்ட்டில் போடுகிற சிவில் சூட், எல்லாம் அதே வேர். எங்கள் சேலம் கோர்ட்டுப் பக்கம் போனால் ஓ.எஸ். என்று தொடங்கும் வழக்கு நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்களைப் பார்க்கலாம், அந்த எஸ் என்பது சூட். அதே வளாகத்தில் செஷன்ஸ் கோர்ட்டும் இருக்கிறது. நடந்து வழக்காடுவது ஒரு குடும்பம், உட்கார்ந்து தீர்ப்பு சொல்வது இன்னொரு குடும்பம். வழக்குக்கு அலைந்தவர்களுக்கு இந்தப் பாகுபாடு அகராதி இல்லாமலே தெரியும்.

தமிழில் உண்டா என்று கேட்டீர்களே, ‘வை’ என்ற ஓரெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டை மேசைமேல் வைத்தான். கண்டபடி வைதான். முதலாவது வைத்தல், இரண்டாவது வைதல், கட்டளையிடும்போது இரண்டுக்கும் ‘வை’தான். இது போதாதென்று ‘வையே கூர்மை’ என்று தொல்காப்பியம் உரியியலில் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. மாட்டுக்குப் போடுகிற வைக்கோலிலும் ஒரு வை இருக்கிறது. இவையெல்லாம் ஒரே சொல்லின் பல பொருளா, ஒரே ஒலியில் வந்த பல சொல்லா என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் நமக்கு நேற்று வந்ததல்ல. பழைய தமிழ் அகராதியான திவாகர நிகண்டின் 12 தொகுதிகளில் பதினோராவது தொகுதிக்குப் பெயரே ஒருசொல் பல்பொருட் பெயர்த் தொகுதி. ‘வேழம்’ என்று சொன்னால் யானையா, மூங்கிலா, கரும்பா என்று இடம் பார்த்துத்தான் தெரியும் என்பதை மனப்பாடமாகப் படித்து வளர்ந்த கூட்டம் நாம். அதனால் இனிமேல் ‘தமிழில் உண்டா’ என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் ஆபீசிலேயே ஒரு தமிழ் ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள், தபால் செலவு மிச்சம்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

தட்டுவடை செட் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கைப்பிடி அகலத்துக்கு மொறுமொறுப்பாகப் பொரித்த தட்டுவடை. ஒன்றின்மேல் பச்சைச் சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் குவித்து, மேலே காரச் சட்னியும் ஒரு சொட்டு எலுமிச்சையும் விட்டு, இன்னொரு தட்டுவடையால் மூடி லேசாக ஓர் அமுக்கு. அந்த அமுக்கில்தான் கைப்பக்குவம், அதிகமானால் அடித் தட்டுவடை நொறுங்கும், குறைந்தால் வாய்க்குப் போவதற்குள் பீட்ரூட் சட்டையில் விழும். செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாபேட்டையிலும் குகையிலும் தள்ளுவண்டிக்காரர் வரிசையாகத் தட்டுவடையைப் பரப்பி ஒரே ஓட்டத்தில் சட்னி தடவிக்கொண்டு போவதைப் பார்த்தால், பழைய அச்சகத்தில் மை உருளை ஓடின மாதிரி இருக்கும். உடனே தின்ன வேண்டும். பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனால் நமத்துவிடும், அதற்குப் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

போன மாதம் சேலம் சிறப்புப் பக்கத்தில் இதற்கு உங்கள் உதவி ஆசிரியர் ‘தட்டுவடைத் தொகுப்பு’ என்று பெயர் சூட்டியிருந்தார். பாராட்டுகிற எண்ணம்தான், ஆனால் எந்தத் தள்ளுவண்டியிலாவது போய் ‘ஒரு தொகுப்பு குடுங்க’ என்று கேட்டுப் பார்க்கட்டும். மேலே மூடி கீழே மூடி நடுவில் சரக்கு என்று இரண்டு சேர்ந்தது ஒன்றாகிற அந்த எண்ணம் செட் என்ற சொல்லில் வந்து உட்கார்ந்துவிட்டது, அதைக் கிளப்புவானேன்? முறுக்கை வைத்து மூடினால் அது முறுக்கு செட். இதுவே செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கினால் யாரும் செட் என்று சொல்வதில்லை, அது ஜோடி. பரோட்டா கடையில் மறுபடி செட்டாகிவிடும். எது ஜோடி எது செட் என்பதற்கு யாரும் சட்டம் எழுதவில்லை, ஊருக்கே தெரியும்.

நான் பல வருஷம் அச்சகம் வைத்திருந்தவன், கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ் என்று. பில் புத்தகத்தில் செட் என்றால் வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று தாள் சேர்ந்தது. 50 செட் புத்தகம் என்றால் 150 தாள். நம்பர் அடிக்கும்போது மூன்றிலும் ஒரே நம்பர் விழ வேண்டும், ஒன்றில் தள்ளிப்போனாலும் அந்தச் செட் மொத்தமும் குப்பை, லாரி ஆபீஸ்காரர் அதைக் கண்டுபிடிக்காமல் விடவே மாட்டார். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் பேச்சுவாக்கில் வீட்டு ஏற்பாட்டையும் சொல்வார்கள்: மேளம் ஒரு செட் சொல்லியாச்சு, மைக் செட் நம்ம பையன்தான், பாண்டு செட் வேண்டாம்னு பெண் வீட்டில் சொல்லிட்டாங்க, நகை செட் எடுத்தாச்சு, சோபா செட் அவங்க போடுறாங்க. ஒரு கல்யாணத்தை இந்த ஒரு சொல்லாலேயே நடத்தி முடித்துவிடலாம். கிராமத்துப் பக்கம் போனால் பம்பு செட். இதில் ஆங்கிலக்காரருக்குத் தெரிந்தது பாதி, தெரியாதது பாதி. மைக்கும் பெருக்கியும் குழாய் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிற ஆளையும் சேர்த்து ‘மைக் செட்’ என்று கூப்பிடுவது நம் சொந்தச் சரக்கு.

அதைவிடச் சொந்தமானது ‘எனக்கு செட் ஆகாது’. இந்த ஊர் செட் ஆகலை, அந்த வேலை செட் ஆயிடுச்சு, அவனுக்கும் அவளுக்கும் செட் ஆயிருச்சாம். ஒத்துவருவது, பொருந்துவது, சரிப்படுவது எல்லாவற்றையும் இளைஞர்கள் இந்த ஒன்றில் அடைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னால் விளங்காது. ‘எங்க செட்டு பசங்க’ என்றால் ஒன்றாகப் படித்தவர்கள், ‘செட்டு சேர்ந்துக்கிட்டு சுத்துறான்’ என்றால் வீட்டில் அப்பா கோபமாக இருக்கிறார். செட்டப் என்பதற்குப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்கிற அர்த்தம் ஒன்று இருக்கிறது, குடும்பப் பத்திரிகை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். கல்லூரி வாத்தியார் வேலைக்கு எழுதுகிற செட் தேர்வு சொல்லே இல்லை, மாநிலத் தகுதித் தேர்வின் ஆங்கிலப் பெயரில் முதலெழுத்து மூன்றையும் கோத்தது.

சினிமா செட்டைச் சொல்லாமல் சேலத்துக்காரன் கடிதம் முடியாது. ஏற்காடு ரோட்டில் 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் தயாராயின, மலையாளத்தின் முதல் பேசும்படம் உட்பட. அரண்மனை வேண்டுமா, குகை வேண்டுமா, மரச்சட்டமும் துணியும் சாந்தும் வைத்து உள்ளேயே எழுப்பிவிடுவார்கள். இன்றைக்கு ரோட்டோரம் அந்த ஸ்டுடியோவின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது, செட் எதுவும் இல்லை. இந்தச் செட் முதல் குடும்பம், மேடையில் காட்சியை நிறுத்தி வைப்பது.

அதே ரோட்டில் மேலே ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காடு. அங்கே லேடீஸ் சீட் என்று ஓர் இடம், மலை விளிம்பில் நின்றால் கீழே சேலம் முழுக்கத் தெரியும். பஸ்ஸில் ஏறி ‘லேடீஸ் சீட் போகணும்’ என்று ஓர் ஆண் கேட்டால் கண்டக்டருக்குச் சிரிப்பு வராமல் இருக்காது. இந்த சீட்டும் சிட், செட்டின் உறவுதான், வடநாட்டுக் கடலோடிகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. வடநாடு என்றதும் டெல்லியை நினைக்காதீர்கள், நார்வே பக்கம். ஜனங்கள் சாயந்திரம் அங்கே போவதே சன்செட் பார்க்கத்தான். அதாவது உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து சூரியன் உட்காருவதைப் பார்க்கிறார்கள், மூன்றும் ஒரே வேர். நம்மூரில் பொழுது உட்காராது, சாயும், விழும், அடையும்.

எஸ்டேட் பக்கம் இன்னொரு செட் உண்டு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில், ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் காப்பி வேரூன்றியது. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்ய வேண்டும், பூ மழை என்பார்கள். அது பெய்து ஒன்பது பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்து மலையே மணக்கும், பூ ஓரிரு நாள்தான் தாங்கும். அதற்குப் பிறகு இன்னொரு மழை கிடைத்தால் பிஞ்சு நன்றாகப் பிடிக்கும். இந்தப் பிஞ்சு பிடிப்பதை எஸ்டேட் துரைமார் செட் என்றுதான் எழுதினார்கள், கூலிக்கு வந்தவர்கள் ‘காய் புடிக்குது’ என்றார்கள். செட் என்பதைவிடப் ‘பிடி’ எனக்கு மேலாகப் படுகிறது, கொம்பை விடாமல் பற்றிக்கொள்கிறது அல்லவா, அது அதில் தெரிகிறது. எல்லா இடத்திலும் செட்டுக்கு வக்காலத்து வாங்குகிறவன் நான் இல்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

கடைசியாக உங்கள் பத்திரிகையின்மேல் எனக்கு இருக்கிற உண்மையான புகார். ‘ஷெட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் நிழலைக் குறிக்கிற ‘ஷேட்’ என்ற சொல்லின் திரிபு, கொட்டகை. மேலே சொன்ன இரண்டு குடும்பத்தோடும் அதற்குச் சம்பந்தமில்லை. பேச்சில் நாம் எல்லோரும் லாரி செட்டு, தகர செட்டு, வண்டியை செட்டில் போட்டேன் என்றுதான் சொல்கிறோம், சொல்லட்டும், யாருக்கும் குழப்பம் வருவதில்லை. ஆனால் அச்சில் நீங்களும் அப்படியே எழுதினால்? சென்ற வாரம் மாவட்டச் செய்தியில் ‘செட் தீப்பிடித்தது’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. சினிமா செட்டா, மைக் செட்டா என்று செய்தியின் மூன்றாவது வரி வரை போய்த்தான் ஜவ்வரிசி மூட்டை அடுக்கியிருந்த தகரக் கொட்டகை என்று தெரிந்தது. கிணற்றடியில் மோட்டார் இருக்கிற கொட்டகையில் திருட்டுப் போனால் ‘பம்பு செட் செட்டில் திருட்டு’ என்று தலைப்பு வருகிற நாள் தூரத்தில் இல்லை.

இதற்கு மேல், தமிழுக்கென்றே ஒரு ‘செட்டு’ இருக்கிறது. வியாபாரம், சிக்கனம் என்று பொருள், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் எடுத்துப் பாருங்கள். ‘கட்டுசெட்டா குடும்பம் நடத்துறா’ என்று மருமகளைப் பற்றி மாமியார் சொன்னால் அது பெரிய பாராட்டு, அடிக்கடி கிடைக்காது. இந்தச் சொல்லைப் புது நிருபர்கள் ஆங்கிலம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு கூட்டுறவுச் சங்கச் செய்தியில் ‘கட்டு செட்டாக நிர்வாகம்’ என்று பேசியவரின் வார்த்தையை உங்கள் பக்கத்தில் ‘கட்டு செட்-ஆக’ என்று நடுவில் கோடு போட்டு அச்சடித்திருந்தீர்கள், ஏதோ கட்டுக் கட்டாக செட் வாங்கின மாதிரி. அச்சுக்கோப்பவனாக இருந்த எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

ஆகையால் கேட்டுக்கொள்வது இதுதான். கொட்டகை என்றால் கொட்டகை என்றே எழுதுங்கள், இல்லையென்றால் ‘ஷெட்’ என்று ஷ போட்டு எழுதுங்கள், அந்த எழுத்தை வைத்துக்கொண்டு வேறு எதற்குச் சேமிக்கிறீர்கள்? சிக்கனமான செட்டுக்கு நடுவில் கோடு வேண்டாம். 430 பற்றி ஒரு திருத்தம் போட மனமிருந்தால், 645 என்பது 2011 கணக்கு என்று வருஷத்தோடு போடுங்கள். ஆசிரியர் குழு கூடும்போது இதைப் பேசி முடிவு செய்து, பிழை திருத்துகிற மேசைக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அச்சகம் நடத்தி ஓய்ந்த ஒரு வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.